ஒரே கதவு எண்ணில் மூன்று தெரு

 

இந்த முறை பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ போட்டுக்கொண்டு உட்காருங்கள். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நானும் என் அண்ணனும் இரண்டு நாள் மல்லுக்கட்டியதைப் பார்த்துவிட்டு, "சண்டை எதுக்குன்னே புரியலையே" என்று பலர் கேட்டீர்கள். சொத்துச் சண்டை இல்லை. இணைய முகவரிச் சண்டை. சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன ஜூன் மாதம். பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும். அப்பாவுக்குக் கொத்தனார் வேலை, அம்மாவுக்கு நூறு நாள் வேலை. என் வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்புக்கு வந்து படித்த பிள்ளை, அதனால் விண்ணப்பமும் என் கம்ப்யூட்டரில்தான். அன்றைக்குக் கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, போட்டோ எல்லாம் ஏற்றிவிட்டு கடைசிப் பொத்தானை அழுத்தினால் ஒரு வெள்ளைப் பக்கம் வந்து நின்றது. உங்கள் ஐபி முகவரியிலிருந்து அளவுக்கு மீறிய முயற்சிகள் வந்திருக்கின்றன, பிறகு முயலவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நாங்கள் அழுத்தியதே ஒரே ஒரு முறை! மணி 4.20. மறுபடி அழுத்தினோம். அதே பக்கம். அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. எனக்கும்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் என் செல்போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அதன் வழியாக அனுப்பிப் பார்த்தோம். ஒரே தட்டில் போய்விட்டது. மணி 4.40.

அவள் இப்போது முதலாமாண்டு படிக்கிறாள். ஆனால் செல்போன் டவர் அன்றைக்குக் கோளாறு செய்திருந்தால்? அந்தக் கேள்வி எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. தப்பு யாருடையது என்று தெரியாமல் ஒரு பிள்ளை வெளியே நிற்பதை என்னால் தாங்க முடியாது. வருகைப் பதிவேட்டில் பெயர் விட்டுப்போன பிள்ளைக்காகத் தலைமை ஆசிரியரிடம் சண்டை போட்டவள் நான், உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

2004ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையன் பெங்களூரில் நெட்வொர்க் வேலையில் இருக்கிறான். அவனுக்குப் போன் போட்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை, எனக்கே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தான்.

"டீச்சர், நம்ம ஐபி நம்பர் என்னன்னு காட்டுற வெப்சைட் இருக்கு. உங்க வீட்டு வைஃபையில அதைத் திறந்து நம்பரை எழுதி வெச்சுக்கோங்க. அதே கேபிள்காரர்கிட்ட லைன் வாங்கியிருக்கிற நாலு வீட்டுல கேட்டுப் பாருங்க."

கேட்டேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அண்ணன் வீடு, முக்கு மருந்துக்கடை, தையல் டீச்சர் வீடு. நான்கு இடத்திலும் ஒரே எண். ஒரு புள்ளி, ஒரு இலக்கம் மாறவில்லை. மூன்று தெருவுக்கு ஒரே கதவு எண்! அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்து எத்தனை பேர் அதே நாளில் அதே கல்லூரிப் பக்கத்தைத் தட்டினார்களோ, அநேகமாக எல்லோரையும் ஒரே ஆள் என்று நினைத்துத்தான் அந்த வெப்சைட் கதவைச் சாத்தியிருக்கிறது என்றான் என் மாணவன்.

இனி கொஞ்சம் கணக்கு. கணக்கு டீச்சர் பதிவில் கணக்கு இல்லாமல் எப்படி?

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் வேண்டும். நாம் இப்போது பெரும்பாலும் பயன்படுத்தும் முறைக்கு ஐபிவி4 என்று பெயர். அதில் ஒரு முகவரி என்பது வரிசையாக நிற்கும் 32 சுவிட்சுகள். ஒவ்வொன்றும் எரியலாம், அணையலாம். ஒரு சுவிட்ச் என்றால் 2 வகை, இரண்டு என்றால் 4, மூன்று என்றால் 8. இப்படி இரட்டித்துக்கொண்டே 32 தடவை போனால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 வரும். அவ்வளவுதான் உலகம் முழுமைக்கும். இந்த முறை 1981 செப்டம்பரில் எழுதி வெளியிடப்பட்டது. அன்றைக்கு உலக மக்கள்தொகையே ஏறக்குறைய 450 கோடி. ஆளுக்கு ஒன்று என்றால் அன்றே போதாது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப், 32 என்பதை 1977ல் ஒரு சோதனைக்காக முடிவு செய்ததாகவும், அந்தச் சோதனை முடியாமலே இன்று வரை ஓடிக்கொண்டிருப்பதாகவும் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் என்றால் ஒரு அறையை அடைத்துக்கொள்ளும் பீரோ என்றிருந்த காலம்.

குறை சொல்ல வேண்டியது பங்கு பிரித்த விதத்தை. ஆரம்ப காலத்தில் கேட்டவர்களுக்குப் பெரிய பெரிய கட்டாகக் கொடுத்தார்கள். ஒரு கட்டு என்பது 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் எண்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு ஒரு கட்டு, ஃபோர்டு கார் கம்பெனிக்கு ஒரு கட்டு, ஆப்பிளுக்கு ஒரு கட்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திடமும் ஒன்று இருந்தது, அவர்கள் 2000ல் தங்களுக்கு அவ்வளவு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். (நல்ல பிள்ளைகள்.) எம்ஐடி தன்னிடம் சும்மா கிடந்ததில் பெரும்பகுதியை 2017ல் விற்றது. இன்றைய நிலவரம்: அமெரிக்காவிடம் 150 கோடிக்கு மேல், 140 கோடிப் பேர் இருக்கும் இந்தியாவிடம் நாலு கோடிச் சொச்சம். பந்திக்குப் பிந்தி வந்தோம், பாயசம் தீர்ந்துவிட்டது.

தீர்ந்துவிட்டது என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசிக் கட்டுகள் 2011 பிப்ரவரி 3 அன்று கொடுத்து முடிக்கப்பட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்கான அமைப்பு அதே வருடம் ஏப்ரலில் ரேஷன் முறைக்குப் போனது: ஒரு நிறுவனத்துக்கு 1024 எண்தான். 2019ல் அதையும் 512 ஆக்கிவிட்டார்கள். நம் ஊர் மாதிரி இடத்தில் புதிதாக இணைய லைன் கொடுக்கத் தொடங்குகிற ஒருவர் ஆயிரக்கணக்கான வீடுகளை வைத்துக்கொண்டு அந்த 512ல் என்ன செய்வார்? ஒரு எண்ணுக்குப் பின்னால் ஒரு தெருவையே ஒளித்து வைப்பார். வேறு வழி இல்லை. இல்லையென்றால் வெளிச்சந்தையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆமாம், இந்த எண்களுக்குச் சந்தை இருக்கிறது. 2011ல் நார்டெல் என்ற கம்பெனி திவாலானபோது மைக்ரோசாஃப்ட் அதனிடமிருந்து 6,66,624 எண்களை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. அமேசான் தன் சர்வர்களை வாடகைக்கு எடுப்பவர்களிடம் 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பழைய எண்ணுக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. நம் காசில் மாதம் முந்நூறு ரூபாய், வெறும் எண்ணுக்கு.

ஒளித்து வைப்பது எப்படி நடக்கிறது என்று பலர் கேட்பீர்கள். பழைய ஹாஸ்டலை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு வாட்ச்மேன். உள்ளே இருக்கும் நூறு பிள்ளைகளுக்கும் வெளியுலகில் ஒரே விலாசம். ஒரு பிள்ளை கடிதம் போட்டால், யார் யாருக்குப் போட்டார் என்று வாட்ச்மேன் நோட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து உரிய பிள்ளையிடம் கொடுத்துவிடுவார். இது 1994லேயே தற்காலிக ஏற்பாடாக எழுதிவைத்த முறை. அதில் ஒரு சிக்கல், வெளியிலிருந்து ஒருவர் தானாக முதல் கடிதம் எழுதினால் அது யாருக்கு என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. குப்பைக்குப் போகும். இன்னொரு சிக்கல், ஹாஸ்டலில் ஒரு பிள்ளை குறும்பு செய்தால் வெளிக்கடைக்காரர் நூறு பேரையும் உள்ளே விட மாட்டார். ஜூன் மாதம் எங்களுக்கு நடந்தது அதுதான். ஒரு வீட்டுக்குள் ஒரு வாட்ச்மேன் இருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு ஒருவர், அதற்கு மேல் மூன்று தெருவுக்கு ஒருவர் என்று இப்போது வாட்ச்மேனுக்கு மேல் வாட்ச்மேன்.

இதற்கு மாற்றாக 1995லேயே ஐபிவி6 என்ற புது முறையை எழுதி வைத்துவிட்டார்கள். 32க்குப் பதில் 128 சுவிட்ச். எத்தனை முகவரி வரும் என்று கேட்டால் அது 39 இலக்க எண். நம் வாய்ப்பாட்டில் அதற்குப் பெயர் இல்லை, விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தொகுதி, வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் சொந்த எண் கொடுத்தாலும் தீராது. முப்பது வருஷம் ஆகிறது. கூகுளுக்கு வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் இன்னும் அதில் வருகிறார்கள்.

இங்கேதான் அண்ணன் உள்ளே வருகிறார். அண்ணன் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கிராமங்களில் சிடாட் எக்ஸ்சேஞ்ச் போட்ட தலைமுறை. (அந்தக் கிராம எக்ஸ்சேஞ்சும் 128 லைன்தான். "எனக்குத் தெரிஞ்ச 128 அதுதாம்மா" என்பார்.) அவர் கட்சி இது:

"ஏம்மா, லேண்ட்லைன் நம்பர் பத்தாமப் போனப்ப நாங்க என்ன செஞ்சோம்? எல்லா நம்பருக்கும் முன்னாடி ஒரு ரெண்டு சேர்த்தோம். ஒரு வாரம் ஜனங்க திட்டுனாங்க, அப்புறம் பழகிருச்சு. இவங்களும் அப்படிச் செய்ய வேண்டியதுதானே? அதை விட்டுட்டு ஊரையே இடிச்சுக் கட்டுற மாதிரி ஒண்ணைக் கொண்டாந்தா யாரு மாறுவான்? ஓடுற வண்டிக்கு எதுக்குச் சக்கரம் மாத்தணும்?"

கேள்வி நியாயமானது. பெரிய பெரிய ஆட்களே கேட்டிருக்கிறார்கள். ஆனால் முன்னால் ஒரு இலக்கம் சேர்ப்பது ஏன் முடியாது என்பதை நான் மதிப்பெண் பட்டியலை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். பழைய படிவத்தில் மதிப்பெண்ணுக்கு இரண்டே கட்டம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கினால் எங்கே எழுதுவது? படிவத்தை மாற்ற வேண்டும், அதைப் படிக்கிற எல்லா அலுவலகமும் மாற வேண்டும். இணையத்தில் போகிற ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் முகவரிக்கு 32 கட்டம்தான் உண்டு. கடலடிக் கேபிள் முனையில் இருக்கும் பெரிய எந்திரத்திலிருந்து நம் வீட்டு மோடம் வரை எல்லாமே அந்த 32 கட்டத்தை மட்டும் வாசிக்கப் பழகியவை. ஒரே ஒரு கட்டம் கூட்டினாலும் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். எப்படியும் மாற்றப் போகிறோம், இனி ஒருமுறைகூடப் பற்றாக்குறை வராதபடி மாற்றிவிடுவோம் என்று 128க்குப் போனார்கள்.

அண்ணன் சரியாகப் பிடித்த இடம் ஒன்று உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். பழைய முறை மட்டும் தெரிந்த கருவியும் புது முறை மட்டும் தெரிந்த கருவியும் நேராகப் பேசிக்கொள்ள முடியாது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அல்லது ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முறையையும் சேர்த்து நடத்த வேண்டும். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது அணாவும் கொஞ்ச காலம் கூடவே செல்லுபடியானது, கடைக்காரர்கள் இரண்டு கணக்கு போட்டார்கள் என்று என் அப்பா சொல்வார். ஆனால் அங்கே ஒரு அரசாங்கம் இருந்தது, ஒரு தேதிக்குப் பிறகு அணா செல்லாது என்று சொல்ல முடிந்தது. இணையத்துக்கும் ஒரு காலத்தில் அப்படி நடந்தது. 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் மொத்தமாக இன்றைய முறைக்கு மாறியது. அன்று அதில் இருந்தவை சில நூறு கம்ப்யூட்டர்கள், முதலாளியும் ஒருவரே. இன்று தேதி குறிக்க யாரும் இல்லை. மாறுகிறவர் செலவு செய்ய வேண்டும், பலனோ மற்ற எல்லோரும் மாறிய பிறகுதான் வரும். யார் முதலில் குதிப்பார்? கிணற்றடியில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி "நீ குதி, நான் வர்றேன்" என்று முப்பது வருஷமாக நிற்கிறார்கள்.

அண்ணனைவிடக் கனமான வாதம் ஒன்றை என் மாணவன் சொன்னான். ஆசிய பசிபிக் அமைப்பில் விஞ்ஞானியாக இருக்கும் ஜெஃப் ஹூஸ்டன் என்பவர் பல வருடங்களாக இந்த முகவரிக் கணக்கை எழுதி வருபவர். அவர் சொல்வதன் சாரம்: இன்றைய இணையத்தில் எண்ணுக்கே முக்கியத்துவம் குறைந்துவிட்டது. நாம் பெயரைத் தட்டுகிறோம். பெரிய நிறுவனங்கள் படத்தையும் பாட்டையும் நமக்குப் பக்கத்து நகரத்திலேயே கொண்டுவந்து அடுக்கி வைத்திருக்கின்றன. வாட்ச்மேன் ஏற்பாடே போதுமானதாகிவிட்டது, அதனால்தான் அவசரம் யாருக்கும் இல்லை. இருக்கிற நிலையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் போதும் என்பது யாருக்கு? படம் பார்ப்பவருக்குப் போதும். பாட்டு கேட்பவருக்குப் போதும். என் இன்னொரு மாணவன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, வயல் பம்ப்செட்டை வெளியூரிலிருந்து போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்தான். நன்றாக வேலை செய்தது, அவன் வீட்டு வைஃபைக்குள் மட்டும். வெளியிலிருந்து பேச வேண்டுமென்றால் வாட்ச்மேன் விட மாட்டார். தனி எண் வேண்டுமென்றால் வருஷத்துக்கு இரண்டாயிரத்து ஐநூறு கூடுதல் என்றார்களாம். இல்லையென்றால் ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் சர்வருக்கு மாத வாடகை கட்டி, தன் வயல் பம்ப்பிடம் அந்தச் சர்வர் வழியாகப் பேச வேண்டும். கால் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பம்ப்புக்கு யாரோ ஒருவரின் வாசல் வழியாக! இதைத்தான் நான் அண்ணனிடம் கத்திக் கத்திச் சொன்னேன். சொந்த முகவரி இல்லாதவன் எப்போதும் விருந்தாளிதான், வீட்டுக்காரன் ஆக முடியாது. முதலில் வந்தவர்களிடம் எண் நிறைய இருக்கிறது, அவர்களுக்கு ஏன் அவசரம் வரும்? அவசரம் நமக்குத்தான் வர வேண்டும்.

வந்தும் இருக்கிறது, நம் நாட்டிலேயே. 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியபோது, கோடிக்கணக்கான செல்போன்களுக்குக் கொடுக்கப் பழைய எண்கள் கிடையாது. அதனால் தொடக்கத்திலிருந்தே ஐபிவி6ல் போனார்கள். மற்ற செல்போன் நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அதற்கு முன் கடைசிப் பெஞ்சில் இருந்த இந்தியா சில வருடங்களில் உலகத்தின் முதல் வரிசைக்குப் போய்விட்டது. இன்று இந்தியாவிலிருந்து இணையத்துக்கு வருபவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் புது முறையில் வருகிறார்கள். அன்றைக்கு என் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் விண்ணப்பம் போன மர்மமும் இதுதானோ என்று பார்த்தேன். செல்போனில் அந்த வெப்சைட்டைத் திறந்தால் நாலு துண்டு எண்ணுக்குப் பதில், எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து ரயில் மாதிரி நீளமான ஒன்று வந்தது. அந்தக் கல்லூரிப் பக்கம் புது முறையில் இருந்ததா, அல்லது செல்போன் நிறுவனத்தின் வேறொரு பழைய எண் வழியாகப் போனதா என்று என் மாணவனாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எப்படியோ, எங்கள் மூன்று தெருவின் கெட்ட பெயரிலிருந்து அந்தப் பிள்ளை தப்பித்தாள்.

ஆக, செல்போன் மாறிவிட்டது. மாறாமல் கிடப்பது வீட்டுக் கம்பி லைனும், பல அலுவலக வெப்சைட்டுகளும். தொலைத்தொடர்புத் துறை 2010லேயே ஒரு வழிகாட்டித் திட்டம் வெளியிட்டது, 2013ல் இரண்டாவது. தேதிகள் தள்ளிப் போயின. 2021ல் மறுபடி தேதி குறித்தார்கள்: அரசு அமைப்புகள் 2022 ஜூன் 30க்குள், வீடுகளுக்கான புதிய கம்பி இணைப்புகள் எல்லாம் 2022 டிசம்பர் 31க்குப் பிறகு புது முறைக்குத் தயாராக. என் வீட்டு மோடத்தின் உள்ளே போய்ப் பார்த்தேன் (மாணவன் போனில் வழிகாட்டினான், எனக்குத் தனியாக அந்தத் தைரியம் கிடையாது). ஐபிவி6 என்று ஒரு வரி இருக்கிறது. பக்கத்தில் "முடக்கப்பட்டது" என்று இருக்கிறது! வசதி பெட்டிக்குள்ளேயே தூங்குகிறது. ஆனால் நான் இங்கே டிக் போட்டால் மட்டும் போதாது, லைன் கொடுப்பவரும் அவர் பக்கம் திறக்க வேண்டும்.

லைன் கொடுப்பவர் யார் தெரியுமா? அவனும் என் மாணவன்தான். பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படித்துக்கொண்டிருப்பான். நேரில் போய்க் கேட்டேன். "டீச்சர், அஞ்சு வருஷத்துல இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான். யாரும் கேக்கலையே, நான் எதுக்கு மெனக்கெடணும்? பசங்களுக்கு ட்ரெய்னிங் கொடுக்கணும், பழைய பெட்டியெல்லாம் மாத்தணும்" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கேட்கத் தெரியாதவர்கள்தான் இதனால் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள், அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஐபி என்றால் என்னவென்றே தெரியாது.

என் நாத்தனார் மகள் வேறொரு கேள்வி கேட்டாள். ஆளுக்கு ஒரு எண் என்றால் யார் என்ன பார்க்கிறார்கள் என்று பின்தொடர்வது எளிதாகிவிடாதா அத்தை? நல்ல கேள்வி. ஆரம்பத்தில் கருவியின் தொழிற்சாலை எண்ணே முகவரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்படி வைத்திருந்தார்கள், அது பெரிய தப்பு. 2001ல் அதற்கு மாற்று எழுதினார்கள். இப்போது நம் போன் அவ்வப்போது தற்காலிக முகவரி போட்டுக்கொள்கிறது. வீட்டைக் குறிக்கும் முன்பகுதி தெரியத்தான் செய்யும், அதை மறைக்கவில்லை. கூட்டத்தில் ஒளிந்திருக்கும் சுகம் கொஞ்சம் போகும்.

ஆனால் கூட்டத்தில் இருப்பதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2007ல் பெங்களூரில் ஒரு மென்பொருள் ஊழியரை, வேறு யாரோ இணையத்தில் செய்த காரியத்துக்காகப் பிடித்துக்கொண்டு போய்ப் புனே சிறையில் 50 நாள் வைத்திருந்தார்கள். போலீசுக்குக் கொடுக்கப்பட்ட ஐபி விவரம் தவறு. ஒரு எண்ணுக்கு ஒரு வீடு இருந்த காலத்திலேயே இந்தக் கதி. இன்று ஒரு எண்ணுக்கு மூன்று தெரு. எந்த நொடியில் வாட்ச்மேன் நோட்டில் எந்த வரி என்று துல்லியமாகப் பார்த்தால்தான் உண்மையான ஆள் கிடைப்பார். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017லேயே, இப்படிப் பலரை ஒரே எண்ணுக்குப் பின்னால் வைப்பதைக் குறையுங்கள், குற்றத்தோடு சம்பந்தமில்லாதவர்கள் விசாரணைக்குள் இழுக்கப்படுகிறார்கள் என்று சொன்னது. ஒரு பையன் தப்பு செய்தான் என்று வகுப்பையே முட்டி போடச் சொல்வதை நான் 34 வருஷத்தில் ஒருமுறைகூடச் செய்ததில்லை. (ஒரு தடவை செய்தேன். 1991. அந்த வகுப்பு என்னை மன்னித்துவிட்டது என்று நம்புகிறேன்.)

அதனால் என் கட்சி: மாற வேண்டும். எல்லாரும் ஒரே நாளில் அல்ல, அது நடக்காது. பழையதையும் வைத்துக்கொண்டு புதியதையும் திறக்க வேண்டும், முதலில் நம்மைப் போலப் பிந்தி வந்த ஊர்கள். அண்ணன் சொல்கிற செலவு உண்மை. அதற்காகச் சும்மா இருந்தால் பழைய எண்ணுக்கு வாடகை என்ற பெயரில் அதே செலவை வருஷா வருஷம் வெளியே அனுப்பிக்கொண்டிருப்போம்.

உங்களில் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவர்கள் குறைந்தது ஒரு டஜன் பேர் எனக்குத் தெரியும். உங்கள் வெப்சைட்டுக்குப் புது முறை முகவரி இருக்கிறதா என்று திங்கட்கிழமை போய்ப் பாருங்கள். ஒரே எண்ணிலிருந்து நிறையப் பேர் வந்தால் உடனே கதவைச் சாத்துகிற பூட்டு ஏதும் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். கடைசி நாள் மாலை நாலரை மணிக்கு அந்தப் பூட்டுக்கு வெளியே யார் நிற்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. மற்றவர்கள், வீட்டு வைஃபையில் ஒரு தடவை, செல்போன் டேட்டாவில் ஒரு தடவை உங்கள் எண்ணைப் பாருங்கள். அதை இங்கே எழுதிவிடாதீர்கள், ஒன்றா வேறா என்று மட்டும் சொல்லுங்கள். லைன் கொடுப்பவருக்கு ஒரு போன் போட்டு "எப்போ திறப்பீங்க?" என்று கேளுங்கள். அவரும் யாரோ ஒரு டீச்சரின் மாணவராகத்தான் இருப்பார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நம் கேபிள்காரன் கூப்பிட்டான். "டீச்சர், முதல்ல ஒரு தெருவுக்கு மட்டும் போட்டுப் பாக்குறேன், பிரச்சினை வந்தா உடனே சொல்லணும்" என்றான். எங்கள் தெருதானே என்று ஆசையோடு கேட்டேன். இல்லையாம். அங்கே பெட்டியெல்லாம் பழசாம். அண்ணன் இருக்கிற தெருவில்தான் புதுப் பெட்டி இருக்கிறதாம்.

அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மோடத்தை அணைக்கிற பழக்கம் அவருக்கு. நாளைக்குக் காலையில் போய் முதலில் அதை நிறுத்தச் சொல்ல வேண்டும்.